ஒரு பெல்ட் கற்றுத் தந்த பாடம்



"ஆனை வாங்கினவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்தானாம்" என்று எங்கள் பாட்டி அடிக்கடி சொல்வார். அந்தக் கணக்கைப் பார்த்தவன் வேறு யாருமல்ல, இந்தக் கட்டுரையை எழுதும் நானேதான். ஆனை என் சித்தப்பாவுடையது. அது ஒரு சிவப்பு நிற ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்.

கார் பிரியர்களுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 2004-இல் இந்தியாவுக்கு வந்த கார். 1.8 லிட்டர் பெட்ரோல் என்ஜின், நான்கு சிலிண்டர், சிலிண்டருக்கு ஐந்து வீதம் இருபது வால்வு, கூடவே டர்போ. 150 குதிரைத்திறன்! நம் ஊர்ச் சாலைகளில் ஓடிய பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவை நூறைக்கூடத் தொடாத காலம் அது.

சித்தப்பா கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். 2005-இல் எங்கள் ஊர் நாராயண் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனபோது, பட்டறை முழுக்க மிட்டாய் கொடுத்தவர். அந்த வருடம் அவிநாசி ரோட்டில் ஒரு சிவப்பு ஆர்.எஸ். தன்னைக் கடந்து போனதை இன்றும் சொல்லுவார். புதிதாக வாங்க அன்று வசதியில்லை. பதினெட்டு வருடம் காத்திருந்து, சித்தி போட்ட சீட்டை எடுத்து, அதே 2005 மாடலை ஈரோட்டில் இரண்டே கால் லட்சத்துக்குப் பேசி முடித்தார்.

விற்றவர் நேர்மையான மனிதர். "மூணு வருசமா ஷெட்டுலதாங்க நின்னுது. டைமிங் பெல்ட் எப்ப மாத்துனாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. பில்லு ஒண்ணுமில்லை" என்று மறைக்காமல் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். "கண்ணு, நீதானே ஆட்டோமொபைல் படிக்கிறே. பெல்ட்டை மாத்தோணுமா, வேண்டாமா? நீ சொல்றதுதான்."

நண்பர்களே, என் வாழ்நாளில் முதன்முறையாக ஒருவர் என்னிடம் 'எக்ஸ்பர்ட்' அபிப்பிராயம் கேட்கிறார்! மேல் மூடியின் கிளிப்பைக் கழற்றி, செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். விரிசல் இல்லை, நூல் பிரியவில்லை. "பெல்ட் நல்லாத்தான் இருக்குங் சித்தப்பா. அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றேன்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். பெல்ட், டென்ஷனர், ரோலர், வாட்டர் பம்ப் எல்லாம் சேர்த்துப் பதினாறாயிரம் ஆகும் என்று முன்பே விசாரித்து வைத்திருந்தேன். அந்தப் பணம் மிச்சமானால் பழைய வீலைக் கொடுத்துவிட்டுப் பதினேழு அங்குல அலாய் வீல் போடலாம் என்பது சித்தப்பாவின் யோசனை. அந்த அலாயில் கார் காலேஜ் வாசலில் வந்து நிற்பதைப் போல நான் கனவே கண்டுவிட்டேன். என் டார்ச் வெளிச்சம் பெல்ட் மேல் விழுந்தது. மனசு வீல் மேல் இருந்தது!

அலாய் வந்தது. நாலு மாதம் ராஜ வாழ்க்கை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பந்தயம் பார்க்கக் கிளம்பினோம். பந்தயக் கார்களை இந்த ஊரிலேயே வடிவமைத்து, 1995-இல் விமான விபத்தில் மறைந்த கரிவரதன் பெயரைத் தாங்கிய மைதானம் அது. பாதி வழியில் 'டப்' என்று ஒரு சத்தம். என்ஜின் நின்றுவிட்டது. ஓரங்கட்டி, டிரைவர் சீட்டில் இருந்த நான் மறுபடி சாவியைத் திருகினேன். ஸ்டார்ட்டர் வழக்கத்தை விட லேசாக, வேகமாகச் சுற்றியது.

முப்பது வருடம் மெஷின் சத்தத்திலேயே வாழ்ந்தவர் சித்தப்பா. "சாவியை விடு" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

கயிறு கட்டி இழுத்து வந்து மூடிகளைத் திறந்தோம். பெல்ட் அறுபடவில்லை! கீழே, என் டார்ச் எட்டாத இடத்தில், ரோலரின் பேரிங் கிரீஸ் காய்ந்து இறுகியிருந்தது. இழுபட்ட பெல்ட்டின் பற்களைக் கிராங்க் பல்சக்கரம் வழித்தெடுத்துவிட்டது. கேம் ஷாஃப்ட் நின்றுபோக, பிஸ்டன்கள் மட்டும் மேலேறி, திறந்து நின்ற வால்வுகளை முட்டியிருக்கின்றன. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் இருபது வால்வில் பன்னிரண்டு வளைந்திருந்தன. 'இன்டர்ஃபியரன்ஸ் என்ஜின்' என்று பரீட்சையில் இரண்டு மார்க்குக்கு எழுதிய வார்த்தையின் அர்த்தம் அன்றுதான் விளங்கியது.

மொத்தச் செலவு தொண்ணூற்றிரண்டாயிரம். பதினாறாயிரத்தை மிச்சம் பிடித்ததன் பலன்! சித்தி திட்டவில்லை. சாப்பாடு பரிமாறும்போது, "ஏனுங், இந்தத் தடவையாவது தெரிஞ்சவங்களைக் கேட்டு மாட்டுங்க" என்றார். சோறு தொண்டையில் இறங்கவில்லை.

அன்று இரவு பட்டறையில் சித்தப்பாவிடம் அலாய் ஆசை உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "ஆசை எனக்கும்தாண்டா இருந்துச்சு, கண்ணு. ஆனா ஒண்ணு. நான் லேத்துல முப்பது வருசம். இன்னைக்கும் மைக்ரோமீட்டர் வெக்காம ஒரு சைஸ் சொல்ல மாட்டேன். நீ டார்ச் அடிச்சுப் பாத்துட்டு சொல்லிட்டே. 'தெரியலீங்க சித்தப்பா, கழட்டிப் பாத்துத்தான் சொல்லோணும்'னு சொல்லியிருந்தா, அன்னைக்கே கழட்டியிருப்பேன்."

அதன்பின் மூன்று மாதம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் அந்தக் காரடியில் கழிந்தன. இரவு ரயிலேறி சென்னை புதுப்பேட்டைக்குப் போய், உடைந்திருந்த பிளாஸ்டிக் கவரையும் ஒரு கதவுக் கைப்பிடியையும் பழசில் வாங்கினோம். அவை பழசாக இருக்கலாம். பெல்ட், பேரிங், சீல், கேஸ்கெட் மட்டும் ஒருபோதும் பழசில் வாங்கக் கூடாது. ஹெட் போல்ட்டுகளும் புதிதுதான். முறுக்கும்போது நீளும் வகை என்பதால் ஒருமுறை போட்டதைத் திரும்பப் போடக் கூடாது. பல இடங்களில் பன்னிரண்டு முனைப் போல்ட். நம் வழக்கமான ஆலன் சாவி அதில் நின்றால் தலையைத் தின்றுவிடும். அதற்கென்று தனி பிட் வாங்க வேண்டும்.

பழைய ஐரோப்பிய டர்போ கார் மேல் ஆசை வைத்திருக்கும் நண்பர்களுக்குச் சில வார்த்தைகள்:

விலையைப் பேசும் முன் பில்லைக் கேளுங்கள். பில் இல்லாத வேலை செய்யாத வேலை என்றே கணக்கு வையுங்கள். ரப்பருக்கு ஓடிய தூரம் மட்டுமல்ல, வயதும் உண்டு. சும்மா நின்ற கார் நல்ல கார் என்று நம்பிவிடாதீர்கள். காரைப் பார்க்கப் போகும்போது என்ஜின் ஆறியிருக்க வேண்டும். முதல் ஸ்டார்ட்டில் நீலப்புகை வந்தால் உள்ளே எங்கோ எண்ணெய் எரிகிறது. கம்ப்யூட்டர் ஸ்கேன் போடாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஆர்.சி.யைப் பாருங்கள்: பதினைந்து வருடம் தாண்டிய கார் என்றால் எஃப்.சி. பார்த்துப் புதுப்பித்திருக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. பேர் மாற்ற படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்காமல் முழுப் பணத்தைத் தராதீர்கள்.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம்தான். ஆகவே கையேட்டில் சொன்ன சிந்தெடிக் ஆயிலை நாள் தவறாமல் மாற்றுங்கள். விரட்டி ஓட்டி வந்தால் உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். கூலன்டில் வேறு வகையைக் கலக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கார் வாங்கும் அன்றே அதன் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். இது சித்தப்பா பட்டுச் சொல்லும் கணக்கு. அந்தப் பணம் இல்லையென்றால் இன்னும் ஒரு வருடம் காத்திருங்கள், தப்பில்லை.

புது பெல்ட் மாட்டிய நாளில், குறிகள் பொருந்தியதைப் பார்த்து நான் ஸ்டார்ட்டரை நோக்கிக் கை நீட்டினேன். சித்தப்பா தடுத்தார். பிளக்கைக் கழற்றி, ஸ்பேனரால் கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றச் சொன்னார். எங்கும் முட்டவில்லை. குறிகள் மறுபடி சரியாக வந்து நின்றன. "இப்ப சொல்லு கண்ணு, பெல்ட் எப்படி இருக்கு?" என்றார்.

"இப்போதைக்குச் சரியா இருக்குங் சித்தப்பா. ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடி திறந்து பாக்கோணும்" என்றேன். சிரித்துக்கொண்டே சாவியை என் கையில் கொடுத்தார். பானெட்டின் உட்புறம் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி ஒட்டியிருக்கிறோம். ஆயிரத்தில் திறந்தும் பார்த்தோம். கார் இன்றும் ஓடுகிறது!

நண்பர்களே! நாளை நாம் டிப்ளமோ சான்றிதழோடு வெளியே போவோம். வீட்டிலும் ஊரிலும் நம்மை நம்பிக் கேட்பார்கள். அளந்து பார்த்ததைச் சொல்லுவோம். அளக்காததை, 'தெரியாது, திறந்து பார்த்துச் சொல்கிறேன்' என்று சொல்லுவோம். அப்படிச் சொல்வது படிப்புக்கு இழுக்கல்ல, அதுதான் படிப்பு.



— மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல் மாணவன்