சித்திரச் சுவருக்குப் பின்னால்

இந்தியாவின் இராஜஸ்தான் மாநிலத்தில் ஷெகாவதி என்றொரு வறண்ட பிரதேசம் உண்டு. ஜெய்ப்பூரிலிருந்து நானும் தோழியும் பஸ்ஸில் நவல்கர் போனோம். வழியெல்லாம் மணலும் முட்பற்றையும்தான். தூரத்தில் நான்கு தூண்கள் உயர்ந்து தெரிந்தால் அங்கே கிணறு இருக்கிறது என்று அர்த்தம்.

ஊருக்குள் நுழைந்தால் சுவரெல்லாம் சித்திரம். கிருஷ்ணர், யானை, ஒட்டகத்தில் தப்பியோடும் காதலர் டோலாவும் மாருவும், வெள்ளைக்காரத் துரைமார், புகையிரதம்! 'ஹவேலி' எனப்படும் இந்த மாளிகைகளில் பெரும்பாலானவை 1830க்கும் 1930க்கும் இடையில் சித்திரம் தீட்டப்பட்டவை. ஒட்டக வணிகம் படுத்ததும் மார்வாரி வியாபாரிகள் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் போய்ப் பொருள் தேடினார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த வீடுகள் இவை. சுண்ணாம்புச் சாந்து ஈரமாக இருக்கும்போதே வர்ணம் தீட்டுவார்களாம். காயும்போது நிறம் சுவரோடு இறுகிவிடும். கறுப்புக்கு விளக்குப்புகை, நீலத்துக்கு அவுரி, சிவப்புக்குக் காவிமண்.

1902ஆம் ஆண்டில் கட்டிய போதார் ஹவேலி இப்போது நூதனசாலை. சித்திரங்களைப் புதுப்பித்துப் பளிச்சென்று வைத்திருக்கிறார்கள். எனக்கென்னவோ பக்கத்துத் தெருவிலிருந்த மங்கிய வீடுதான் மனதில் நின்றது. அதைக் காவல் பார்க்கும் அம்மா திறப்புக் கொத்தோடு வந்து எங்களை உள்ளே விட்டார்.

முன் முற்றம் ஆண்களுக்கு. அதன் ஓரத்தில் மெத்தை விரித்துக் கணக்குப் பார்க்கும் அறை. அடுத்த கதவுக்கு அப்பால் பெண்களின் முற்றம். அந்நிய ஆண்கள் அங்கே வரக்கூடாது. பெண்களும் நினைத்தபடி வெளியே போக முடியாது. சமையல், பிள்ளைப்பேறு, நோன்பு எல்லாம் அந்த நாலு சுவருக்குள்தான். வெளிச்சுவரில் தீட்டிய புகையிரதத்தை இவர்கள் எத்தனை தரம் பார்த்திருப்பார்கள்? புருஷன்மாரை ஏற்றிக்கொண்டு போனதும் புகையிரதம்தானே.

பிறகு குடும்பங்களும் நகரங்களுக்குப் போய்விட்டன. பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஆளில்லாத வீட்டின் சுவர் எப்படி உதிரும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சொந்தக்காரர் வருவார்களா என்று தோழி ஹிந்தியில் கேட்டாள். பிள்ளைக்கு முதல் முடி எடுக்க, குலதெய்வத்தைக் கும்பிட வருவார்கள் என்றார் அந்த அம்மா. கடைசியாக எப்போது வந்தார்கள் என்றதற்கு அவருக்கு ஞாபகம் வரவில்லை. பெண்களின் முற்றம் நிறைய அவர் மிளகாய் காயப் போட்டிருந்தார். "மிதித்துவிடாமல் வாருங்கள்" என்று முன்னே நடந்தார்.