"கொஞ்சம் படிச்சுப் பார்த்துச் சொல்லேன்"

பரீட்சைக்கு முந்தின நாள் நோட்ஸ் கேட்டு வருபவர்களைச் சமாளித்துவிடலாம். கட்டுரைப் போட்டிக்கு முந்தின நாள் நாலு தாளை நீட்டி, "கொஞ்சம் படிச்சுப் பார்த்துச் சொல்லேன்" என்று வந்து நிற்பவர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம். நல்லாயில்லை என்று சொன்னால் கேண்டீனில் அடுத்த ஒரு வாரம் தனியாக டீ குடிக்க வேண்டும். நல்லாயிருக்கு என்று சொன்னால் பொய். அதனால்தான் எல்லாக் கல்லூரிகளிலும் இதற்கென்று ஒரு பொதுப் பதில் தயாராக இருக்கிறது: "சூப்பர்!" நாலெழுத்துதான். சொல்பவருக்கும் செலவில்லை, கேட்பவருக்கும் பயனில்லை.

சரி, விஷயத்துக்கு வரலாம். சக மாணவர் எழுதிய கட்டுரையின் வரைவைப் படித்துவிட்டு அவருக்கு உதவுகிற மாதிரி நாலு வார்த்தை சொல்வது எப்படி? கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் ஒருவர் மேற்கொண்டு எழுதுவதா, இல்லை பேனாவை மூடி வைத்துவிடுவதா என்பதே சில சமயம் இதில்தான் தீர்மானமாகிறது.

ஒரு சின்ன ஊரில் இருக்கிற கல்லூரி, பி.காம். இரண்டாம் ஆண்டு வகுப்பு. வருடா வருடம் நவம்பர் 14 முதல் 20 வரை கூட்டுறவு வார விழா நடக்கும் அல்லவா, அதை ஒட்டி ஒரு கட்டுரைப் போட்டி. பேராசிரியர் ஒரு நிபந்தனை போட்டார். அவரிடம் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு கட்டுரையையும் வகுப்பில் இரண்டு பேராவது படித்திருக்க வேண்டும். படித்தவர்கள் தாளிலேயே தங்கள் கருத்தை எழுத வேண்டும்.

அந்த வகுப்பில் ஒரு பெண். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். அம்மா இரண்டு மாடு வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார். அவள் நாலு பக்கம் எழுதியிருந்தாள். 1904-ஆம் ஆண்டு வந்த கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தில் ஆரம்பித்து, கூட்டுறவின் கொள்கைகள், குஜராத்தின் கேடா மாவட்டம், 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சி என்று வரிசையாகப் போய், கடைசியில் நாலே வரியில் அவளுடைய அம்மா விடிகாலையில் கேனைத் தூக்கிக்கொண்டு போவதைச் சொல்லி முடிகிறது.

முதலில் படித்தது தமிழில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்குகிற பெண். கையில் சிவப்புப் பேனா. "பாலை கறந்து" என்றிருந்த இடத்தில் ஒரு "க்" போட்டு வட்டம். "சங்கத்தை பற்றி" என்ற இடத்தில் ஒரு "ப்", ஒரு வட்டம். இப்படி இருபத்தாறு வட்டம். ஒன்றுகூடத் தப்பான திருத்தம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கடைசியில் "ஒற்றுப் பிழைகளைத் தவிர்க்கவும்" என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

தாளைத் திருப்பி வாங்கிய பெண் அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மதியம் வகுப்புப் பிரதிநிதியிடம் போய், "என் பேரை எடுத்துடு" என்றாள். இங்கிலீஷ்தான் வராது, தமிழாவது வரும் என்று நினைத்திருந்தவளுக்கு அன்றைக்கு அதுவும் வராது என்று ஆகிவிட்டது.

திருத்திய பெண் மேல் கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை. அவளுக்குப் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்ததே அதுதான். திருத்துவது என்றால் பிழை பார்ப்பது, பிழை என்றால் எழுத்துப் பிழை. கணக்குப் பதிவியல் படிக்கிறவர்களுக்கு இதில் இருக்கிற கோளாறு சட்டென்று விளங்க வேண்டும். ப்ளஸ் ஒன்னிலேயே வருகிற பாடம். இருப்பாய்வின் இரண்டு பக்கமும் கூட்டிப் பார்த்துச் சமமாக வந்துவிட்டால் மனசுக்கு ஒரு நிம்மதி வருமே, அந்த நிம்மதி ஏமாற்றக்கூடியது என்பதுதான் அந்தப் பாடமே! ஒரு நடவடிக்கையை ஏட்டில் ஏற்றாமலே விட்டிருந்தாலும் இருப்பாய்வு பொருந்தும், அது விடுபிழை. இயந்திரம் வாங்கியதைக் கொள்முதல் கணக்கில் எழுதினாலும் பொருந்தும், அது விதிப்பிழை. ராமனுக்கு வைக்க வேண்டிய வரவை லட்சுமணன் கணக்கில் வைத்தாலும் பொருந்தும். கட்டுரையும் அப்படித்தான். ஒரு ஒற்றுகூடத் தவறாமல் இருக்கும், உள்ளே பெரிய ஓட்டை இருக்கும்.

இந்தக் கட்டுரையில் அப்படி இரண்டு இருந்தன. "1946-இல் வர்கீஸ் குரியன் கேடா மாவட்டப் பால் சங்கத்தைத் தொடங்கினார்" என்று ஒரு வாக்கியம். எழுத்துப் பிழை எதுவும் இல்லாததால் சிவப்புப் பேனா அதைத் தாண்டிப் போய்விட்டது. ஆனால் குரியன் ஆனந்துக்கு வந்ததே 1949-இல்தான். 1946-இல் விவசாயிகளைச் சேர்த்துச் சங்கத்தை உருவாக்கித் தலைமை ஏற்றவர் திரிபுவன்தாஸ் படேல். படேலுக்குச் சேர வேண்டிய வரவு குரியன் கணக்கில் ஏறிவிட்டது, பக்கம் மட்டும் பொருந்தி நிற்கிறது. இன்னொன்று விடுபிழை. அது அம்மா.

அதைக் கண்டுபிடித்தது இரண்டாவதாகப் படித்தவன். கடைசி பெஞ்சு. "எனக்கு இலக்கணமெல்லாம் வராது, முன்னாடியே சொல்லிட்டேன்" என்று சொல்லித்தான் மடித்து வைத்த தாளைக் கேட்டு வாங்கினான். (பேராசிரியரின் நிபந்தனைப்படி அவனும் யாருடைய கட்டுரையையாவது படித்தாக வேண்டியிருந்தது. மற்றபடி கருணையெல்லாம் இல்லை.) அவன் பென்சிலால் ஓரத்தில் எழுதியது மூன்றே இடத்தில்.

முதல் பக்கத்தில்: "இங்க வேகமா தாண்டிட்டேன், பாடப் புத்தகத்துல படிச்ச மாதிரியே இருக்கு."

இரண்டாம் பக்கத்தில்: "குரியன் 1946-லயா? வேற மாதிரி படிச்ச ஞாபகம். பார்த்துக்கோ."

கடைசிப் பக்கத்தில்: "கொழுப்பு கம்மின்னு காசைக் குறைச்சாங்கன்னு போட்டிருக்க. யாரு அதைப் பார்த்துச் சொல்றது? அம்மாவும் கூட நின்னு பார்ப்பாங்களா? இதை இன்னும் படிக்கலாம்னு நினைச்சேன், அதுக்குள்ள முடிஞ்சிடுச்சு."

இதில் ஒரு இடத்தில்கூட "நல்லாயிருக்கு" என்றோ "நல்லாயில்லை" என்றோ இல்லை என்பதைக் கவனியுங்கள். படிக்கும்போது அவனுக்கு என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்லியிருக்கிறான். அந்தக் கடைசிக் கேள்விக்கு அவளுக்குப் பதில் தெரியவில்லை. அம்மாவைக் கேட்டாள். "அவங்க சொல்றதுதான்" என்றார் அம்மா. மறுநாள் காலை கூடவே சொசைட்டிக்குப் போனாள். ஊற்றுகிற பாலிலிருந்து கொஞ்சம் மாதிரி எடுப்பதையும், கொழுப்புச் சத்து, இதர சத்து இரண்டையும் பார்த்துத்தான் லிட்டருக்கு விலை போடுவதையும் அங்கே நின்று தெரிந்துகொண்டாள். அளவு காட்டுகிற கருவியின் முகம் எழுதுகிறவர் பக்கம் திரும்பியிருந்தது, ஊற்றுகிறவர் பக்கம் இல்லை. அம்மா அந்தச் சங்கத்தில் உறுப்பினர், பேரவைக் கூட்டத்தில் அவருக்கு ஒரு ஓட்டு உண்டு, இத்தனை வருடத்தில் ஒரு தடவையும் போனதில்லை என்பதெல்லாம் அப்புறம் தெரிந்தது. முதல் பக்கத்தில் "ஒரு உறுப்பினருக்கு ஒரு வாக்கு" என்று அவளே எழுதி வைத்திருந்தாள், பாடப் புத்தகத்தைப் பார்த்து! அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. பேரை எடுக்கச் சொன்னவள் மறுபடி போய்ச் சேர்க்கச் சொன்னாள்.

பரிசு கிடைத்ததா என்று கேட்பீர்கள். இல்லை, ஆறுதல் பரிசுகூட இல்லை. ஆனால் அம்மா இப்போதெல்லாம் கருவிக்கு அந்தப் பக்கம் சுற்றிப் போய் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் கேனை எடுக்கிறாராம்.

இறையனார் களவியல் உரையின் முன்பகுதியில் ஒரு கதை வரும். களவியல் நூலுக்கு நாற்பத்தொன்பது புலவர்கள் ஆளுக்கொரு உரை எழுதிவிட்டு, எது மெய்யுரை என்று அடித்துக்கொள்கிறார்கள். கடைசியில் உருத்திரசன்மன் என்கிற ஐந்து வயதுப் பிள்ளையை உட்கார வைத்து ஒவ்வொருவராக வாசிக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்குப் பேச்சு வராது. மற்றவர்கள் வாசித்தபோதெல்லாம் சும்மா இருக்கிறான். மருதன் இளநாகனார் உரைக்குச் சில இடங்களில் மெய்சிலிர்க்கிறான். நக்கீரர் உரைக்கோ சொல்லுக்குச் சொல் கண்ணீரும் சிலிர்ப்பும். தீர்ப்பு அவ்வளவுதான். கதை நடந்ததோ இல்லையோ, இதைக் கட்டியவர் யாரோ அவருக்கு வாசிப்பு என்றால் என்னவென்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. அபிப்பிராயமே சொல்ல முடியாத ஒரு வாசகனைத் தேடிப்பிடித்து உட்கார வைத்திருக்கிறார் பாருங்கள்! எந்த இடத்தில் சிலிர்த்தது, எந்த இடத்தில் சும்மா இருந்தது என்பதைவிட எழுதியவருக்கு வேறு என்ன தகவல் வேண்டும்? அமெரிக்கப் பேராசிரியர் பீட்டர் எல்போ 1973-இல் ஆசிரியர் இல்லாமலே எழுதப் பழகுவது பற்றி ஒரு புத்தகம் போட்டார். அதிலும் ஏறக்குறைய இதே யோசனைதான். தீர்ப்பையும் ஆலோசனையையும் தள்ளி வைத்துவிட்டு, படிக்கப் படிக்க உன் மனசில் என்ன ஓடியது என்று சொல் என்கிறார்.

இதற்கு நேர் எதிரான உதவி ஒன்று உண்டு. இதே போட்டிக்கு இன்னொரு பையன் எழுதிய வரைவை வாங்கிய சீனியர் ஒருவர், "விடு, நான் பார்த்துக்கறேன்" என்று ராத்திரியோடு ராத்திரியாக முழுசாக எழுதிக் கொடுத்துவிட்டார். நல்ல எண்ணம்தான். கட்டுரைக்குப் பரிசும் கிடைத்தது. பரிசளிப்பு அன்று மேடையில் இரண்டு பத்தி வாசிக்கச் சொன்னார்கள். "தன்னாட்சி", "சனநாயகக் கட்டுப்பாடு" என்று வந்த இடங்களிலெல்லாம் பையன் திக்கினான். விருந்தினர் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். பதில் இல்லை. சான்றிதழை அவன் வீட்டில் மாட்டியதாகத் தெரியவில்லை. திருவிளையாடல் படம் (1965) பார்த்தவர்களுக்குத் தருமி நினைவுக்கு வரலாம். அவ்வளவு பெரிய இடத்திலிருந்து எழுதி வாங்கிப் போன பாட்டு, ஆனாலும் சபையில் ஒருவர் எழுந்து குற்றம் சொன்னதும் தருமியால் பாட்டுக்கு விளக்கம் சொல்ல முடியவில்லை. எழுதியது அவர் இல்லையே! (நக்கீரராக நடித்தது படத்தின் இயக்குநர் ஏ.பி. நாகராஜனே என்பது உபரித் தகவல்.)

அப்படியானால் ஒற்றுப் பிழையைச் சொல்லவே கூடாதா என்றால், சொல்லலாம், கடைசி வரைவில். தூக்கி எறியப்போகிற பத்தியில் இருக்கிற பத்துப் பிழையைத் திருத்துவது, இடிக்கப்போகிற சுவருக்கு வெள்ளையடிப்பது. தணிக்கைக்கு வருகிற ஆடிட்டர் ஐம்பது பைசா வித்தியாசத்துக்காக நாள் முழுக்க உட்கார மாட்டார். லாபத்தையே மாற்றிக் காட்டக்கூடிய தொகை எது என்று பார்ப்பார். அந்தப் புத்தி வேண்டும். ஒரு வாசிப்பில் இரண்டு மூன்று விஷயத்துக்கு மேல் சொன்னால் எழுதியவர் எதையும் செய்ய மாட்டார். இருபத்தாறு வட்டத்துக்குப் பதிலாக "இரண்டாம் வேற்றுமை வருகிற இடத்தில் ஒற்று விடுகிறாய், கவனி" என்று ஒரு வரி எழுதியிருந்தால் பாதிக்கு மேல் அவளே சரி செய்திருப்பாள்.

முதலில் ஒரு பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் இன்னொரு பாராட்டு என்று ஒரு சூத்திரம் சொல்வார்கள். இரண்டாவது தடவையே எல்லாருக்கும் புரிந்துவிடும். அப்புறம் பாராட்டு வந்தாலே வயிற்றைக் கலக்கும். பாராட்டுவதானால் இடத்தைக் காட்டிப் பாராட்ட வேண்டும். "கேன் கைப்பிடி கையில் பதிஞ்ச தடம்னு எழுதியிருக்கியே, அது" என்று சொன்னால், அதுபோல இன்னும் நாலு எழுத அவளுக்குத் தெம்பு வரும்.

தாளை நீட்டுகிறவருக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. கெடுவுக்கு முந்தின நாள் ராத்திரி கொடுத்தால் "சூப்பர்" தவிர வேறு எதுவும் சொல்ல முடியாது. அப்போது போய் முதல் பக்கத்தைத் தூக்கிவிடு என்று சொல்வது கொடுமை. ஒரு வாரம் முன்னால் கொடுத்து, தாளின் தலையில் "ரெண்டாம் பக்கம் புரியுதா? எங்க போரடிக்குது?" என்று கேள்வியையும் எழுதிக் கொடுத்தால் படிப்பவருக்கும் தைரியம் வரும்.

இதில் யாரும் நினைத்துப் பார்க்காத ஒருத்தி இருக்கிறாள், அந்தச் சிவப்புப் பேனாப் பெண். அவளுடைய கட்டுரையையும் வகுப்பில் ஆறு பேர் படித்தார்கள். ஆறு பேரும் "சூப்பர்". முதல் மதிப்பெண் வாங்குகிறவளுக்கு யார் என்ன சொல்வது? பள்ளியிலிருந்தே அப்படித்தான், நன்றாக எழுதுகிறவள் என்று பெயர் எடுத்த நாள் முதல் அவள் எழுதியதை யாரும் உண்மையாகப் படித்ததில்லை. அடுத்த பருவத்தில் கல்லூரி மலருக்கு எழுதியபோது அவள் தாளைப் பால்காரப் பெண்ணிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு அந்தப் பெண் திருப்பிக் கொடுத்தாள். சிவப்பு வட்டம் எதுவும் இல்லை, போடுவதற்கு இடமும் இல்லை. மூன்றாம் பக்க ஓரத்தில் மட்டும் பென்சிலில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: "இங்க எனக்குத் தூக்கம் வந்துடுச்சு, கோவிச்சுக்காத."