மூன்று மணி நேரப் பள்ளிக்கூடம்

தென்காசியில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப்பெட்டி கிடக்கிறது. போன ஜூலையில் சாரல் ஓட்டு இடுக்கு வழியாக உள்ளே இறங்க ஆரம்பித்ததால் அதைக் கீழே எடுத்தோம். உள்ளே தாத்தா பைண்டு பண்ணி வைத்திருந்த ‘சக்கரவர்த்தித் திருமகன்’. கல்கி இதழில் 1954-55இல் வாராவாரம் வந்த தொடர். எழுதியவர் ராஜாஜி.

எனக்குக் குழப்பமாக இருந்தது. தாத்தாவுக்கு ராஜாஜியைச் சுத்தமாகப் பிடிக்காது. பேப்பரில் படம் வந்தால் பக்கத்தைத் திருப்பிவிடுவார். “குலக்கல்வி கொண்டாந்த ஆளுல்லா” என்பார், அவ்வளவுதான்.

அந்தத் திட்டம் 1953இல் வந்தது. கிராமத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு நாளுக்கு மூன்று மணி நேரம்தான் வகுப்பு. மிச்ச நேரம் அப்பா செய்யும் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். ஏன் அப்படி? அரசிடம் பணம் இல்லை, பள்ளிக்கு வராத பிள்ளைகள் ஏராளம். ஒரே கட்டடம், ஒரே வாத்தியார், இரண்டு ஷிஃப்ட் என்றால் இரண்டு மடங்குப் பிள்ளைகள் படிக்கலாம். நான் சாஃப்ட்வேர் ஆள். இருக்கிற சர்வரை வைத்து இரண்டு மடங்கு லோடைச் சமாளி என்று மேலிடம் சொன்னால், நானும் இப்படி ஒரு டிசைன்தான் போடுவேன். ரிவ்யூவில் கைதட்டக்கூட வாங்கலாம்.

ஆனால் அந்த டிசைனில் என் அப்பாவைப் பொருத்திப் பார்த்தேன். 60களில் பள்ளிக்கூடம் போனவர். திட்டம் நிலைத்திருந்தால் பாதி நாள் ஆச்சியின் சொளகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீடி சுற்றியிருப்பார். நான் இன்ஜினீயரிங் கல்லூரி வாசலைப் பார்த்திருப்பேனா?

இத்தனைக்கும் ராஜாஜியே அப்பா தொழிலைச் செய்தவர் இல்லை. தொரப்பள்ளி முன்சீப்பின் மகன். சேலத்தில் வக்கீல், நகராட்சித் தலைவர், 1930இல் வேதாரண்யத்தில் உப்புக் காய்ச்சியவர், 1937இல் சென்னை மாகாணப் பிரதமர், 1948இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரல். படிப்பு ஒரு மனிதனை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு அவரைவிடப் பெரிய உதாரணம் தேட வேண்டியதில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

இன்னொரு ராஜாஜியும் உண்டு. அவரைப் பார்க்க எங்கள் வீட்டிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் போனால் போதும். குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி. இருந்தார். கம்பன் பாட்டை எடுத்து, திரும்பத் திரும்பச் சொல்லி, அதன் ருசியை நாக்கில் தடவிவிடுகிற மனுஷன். ராஜாஜியும் கல்கியும் அவர் வீட்டில் வந்து தங்கினார்கள். கம்பன் பண்டிதர்களுக்கு மட்டும் சொந்தமில்லை, காது இருக்கிற எல்லாருக்கும் சொந்தம் என்பதுதான் டி.கே.சி.யின் கட்சி.

1954 பிப்ரவரியில் டி.கே.சி. குற்றாலத்தில் இறந்தார். ஏப்ரலில், கல்வித் திட்டத்துக்கு எதிர்ப்பு முற்றி, ராஜாஜி முதல்வர் பதவியை விட்டு இறங்கினார். அடுத்து வந்த காமராஜர் திட்டத்தையே எடுத்துவிட்டார். டிசம்பரில் கல்கியும் போய்விட்டார். அந்த ஆண்டுதான் பாரத ரத்னாவும் கொடுத்தார்கள். நண்பர்களும் நாற்காலியும் போன அதே வருஷத்தில், 75 வயதில், அவர் உட்கார்ந்து ராமாயணம் எழுதிக்கொண்டிருந்தார். சின்னச் சின்ன வாக்கியம். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனும் திணறாத தமிழ். 1958இல் அதற்குச் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது.

தாத்தா படித்தது அஞ்சாம் வகுப்பு. அவரைப் போன்ற ஒருவர் முழு ராமாயணத்தையும் தானே வாசித்து முடிக்க முடியும் என்று நம்பி எழுதிய கையும், அந்த மாதிரி வீட்டுப் பிள்ளைக்கு மூன்று மணி நேரம் போதும் என்று கையெழுத்துப் போட்ட கையும் ஒன்றுதான். ஒன்றைக் காட்டி இன்னொன்றை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை. இன்னொன்றைக் காட்டி இதைத் தூக்கிப் போடவும் முடியவில்லை.

ஆச்சியிடம் கேட்டேன். “தாத்தாவுக்குத்தான் அவரப் புடிக்காதே, பெறகு எதுக்கு இத பைண்டு பண்ணி வச்சாரு?”

“திட்டிக்கிட்டேதாம் படிப்பாவ. சத்தமா படிப்பாவ, நா சுத்திக்கிட்டே கேப்பேன். எனக்கு ராமர் கதை தெரிஞ்சது அதுலதாம்ல” என்றாள். “ஈரம் படாத எடமா பாத்து வையி.”