காற்றும் பொதுச் சொத்தே

பொது இடத்தில் ஒரு குறை நேர்ந்தால், குறையைத் தேடுமுன் குற்றவாளியைத் தேடுவது மக்கள் இயல்பு. ஊர்க் கிணற்றில் நீர் குறைந்தால் கடைசியாக இறைத்தவரையே முதலில் நோக்குவோம். கொல்கத்தாவில் உள்ள நம் சங்க அலுவலகத்தில் வைஃபை இணைப்பு ஞாயிறுதோறும் அறுந்துபோனபோதும் அதுவே நிகழ்ந்தது.

அலுவலகம் என்றாலும் அது வெறும் கணக்கு எழுதும் இடமன்று. அங்கேதான் படிப்பகம் இருக்கிறது. ஞாயிறு காலையில் தமிழ் வகுப்பும் நடைபெறுகிறது. வீதியில் வங்காளமும் பள்ளியில் ஆங்கிலமும் பேசி வளரும் நம் பிள்ளைகள், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களை அங்கே திரையில் கண்டும் கேட்டும் பயில்கின்றனர். பாடம் சூடுபிடிக்கும் வேளையில் ஒலி அறும், படம் உறையும். இப்படிச் சில வாரங்கள் சென்றதும் இரண்டு பிள்ளைகள் வருவதையே நிறுத்திவிட்டனர்.

பழி யார்மீது விழுந்தது? தமிழ்நாட்டிலிருந்து வேலைக்குப் புதிதாக வந்து, சிறு அறைகளில் தங்கி, மாலையில் படிப்பகத்தை நாடும் இளைஞர்மீது. "அவர்கள் படம் பார்த்தே இணைப்பைத் தின்றுவிடுகிறார்கள்" என்றனர் சிலர். கடவுச்சொல்லை மாற்றி அவர்களுக்குத் தராதிருக்க வேண்டும் என்பது ஒரு யோசனை; கூடுதல் வேகமுள்ள இணைப்பை வாங்க வேண்டும் என்பது மற்றொன்று. முடிவெடுக்குமுன் நான்கு வாரம் தவணை தருமாறு செயற்குழுவை நாம் வேண்டிக்கொண்டோம்.

முதல் வேலையாக ஒரு குறிப்பேடு வைத்தோம். இணைப்பு அறுந்த நேரம், அறுந்த கருவி, அது இருந்த இடம் ஆகிய மூன்றையும் எழுதிவந்தோம். இளைஞர் நிறைந்திருக்கும் வார நாள் மாலைகளில் குறை மிகச் சிலவே. ஞாயிறு காலை 10 மணிக்குப் பின்னரே மிகுதி. அவ்வேளையில் ஒரு கணினியைக் கம்பி வழியே ரவுட்டருடன் நேராக இணைத்துப் பார்த்தோம். வேகம் சிறிதும் குறையவில்லை. ஆகவே வெளியிலிருந்து வரும் இணைப்பில் பழுதில்லை என்பதும், பணம் கொடுத்து வேகத்தைக் கூட்டுவதால் பயனில்லை என்பதும் தெளிவாயின.

குறிப்பேடு இருவகைக் குறைகளைப் பிரித்துக் காட்டியது. முதல் வகையில், கைபேசியில் அலைக்குறி முழுமையாக இருக்கும். ஆயினும் உள்ளே நுழைய முடியாது. முன்னரே நுழைந்தவர்க்குத் தடையில்லை. புதிதாக வருபவர்க்கே தடை. காரணம் இதுதான். வந்து சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஓர் எண் முகவரியை ஒதுக்குகிறது. நம் ரவுட்டரில் 100 முகவரிகளே அமைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் 24 மணி நேரத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. கோரமண்டல் எக்ஸ்பிரஸில் சென்னைவரை பதிவு செய்த ஒருவர் விஜயவாடாவிலேயே இறங்கிவிட்டாலும், படுக்கை அவர் பெயரிலேயே கிடப்பதாகக் கொள்வோம். சனிக்கிழமை மாலை வந்து சென்றவர்களின் முகவரிகள் அவ்வாறே ஞாயிறன்றும் வெறுமனே கிடந்தன. வீட்டில் உறங்கிக்கொண்டிருந்த இளைஞர், அவரை அறியாமலே வகுப்பறையில் இடம் பிடித்திருந்தார்! ஒதுக்கீட்டுக் காலத்தை 2 மணி நேரமாகக் குறைத்தோம். முகவரிகளை 200 ஆக்கினோம். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

இரண்டாம் வகை, உள்ளே நுழைந்த பின்னர் இணைப்பு அறுவது. இதனை உணரக் காற்றின் இயல்பை அறிய வேண்டும். ஒரு கம்பியில்லா நிலையத்தில் ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவரே பேசலாம். ஏனையோர் காத்திருந்து, அமைதி கண்டபின் பேசவேண்டும். தொலைவில் இருப்பவர் மெதுவாகவே பேச இயலும். ஆகவே அதே செய்திக்கு அவர் எடுத்துக்கொள்ளும் நேரம் அதிகம். கடைசி வரிசையில் திணறும் ஒரு கருவி, முன்வரிசையினர் அனைவரையும் காக்க வைத்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ஒன்றோடொன்று உரசாமல் பயன்படும் அலைவரிசைகள் 1, 6, 11 ஆகிய மூன்றே. அண்டை வீட்டார் அனைவரும் அம்மூன்றையே பங்கிட்டுக் கொள்கின்றனர். தேநீரைச் சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே பகுதியில்தான் இரைகிறது.

மேலும், நம் ரவுட்டர் திருடு போகாதிருக்க இரும்பு அலமாரிக்குள் பூட்டி வைக்கப்பட்டிருந்தது! 1895-ஆம் ஆண்டில் இதே நகரில் ஜகதீச சந்திர போஸ், கம்பியில்லா அலையைச் சுவர்களின் ஊடே செலுத்தி அப்பாலுள்ள மணியை ஒலிக்கச் செய்தார். சுவரைக் கடக்கும் அலையும் ஒவ்வொரு சுவரிலும் வலிமை இழக்கிறது. இரும்பு அதனைப் பெரும்பாலும் மறித்துவிடுகிறது. ரவுட்டரை வெளியே எடுத்து, வகுப்பறைச் சுவரில் உயரமாகப் பொருத்தினோம். வகுப்புத் திரைக்கும் கணக்குக் கணினிக்கும் கம்பி இட்டோம். 5 கிகாஹெர்ட்ஸ் வசதியுள்ள கருவிகளை, நெரிசல் குறைந்த அப்பகுதிக்கு மாற்றினோம். அந்தக் கம்பியை இழுத்து, ஆணி அடித்து, முனைகளைப் பொருத்தித் தந்தவர்கள் யார் தெரியுமா? எவரை விலக்க வேண்டும் என்று பேசினோமோ, அந்த இளைஞர்களே.

இப்பொழுது வகுப்பு தடையின்றி நடக்கிறது. நின்றுவிட்ட இரு பிள்ளைகளும் திரும்பி வந்துள்ளனர். கடவுச்சொல் முன்போலவே படிப்பகப் பலகையில் எழுதப்பட்டிருக்கிறது.

புலம்பெயர்ந்து வந்த நமக்குச் சங்கம் ஒரு நிழல். முன்வந்தவர் பின்வருபவரைச் சுமையாகக் கருதத் தொடங்கினால் அந்நிழல் சுருங்கிவிடும். அன்பர்கள் தத்தம் அலுவலகத்திலும் இத்தகைய இடர் காணின், முதலில் ஒரு குறிப்பேடு வையுங்கள், கம்பியிட்டுச் சோதியுங்கள், முகவரிகளை எண்ணுங்கள். ஆள்களைப் பழிப்பது அதற்குப் பின்னரும் தேவையெனில் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.