ராத்திரிச் செருப்பு

இங்கிலாந்தில் ‘ஸ்ட்ரீட் பாஸ்டர்ஸ்’ என்று ஒரு கூட்டம் இருக்கிறது. வெள்ளி, சனி ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பி விடிகாலை நாலு மணிவரை கடைவீதிகளில் நடப்பார்கள். பெயர்தான் பாஸ்டர், ஆட்கள் பல சபைகளையும் சேர்ந்த சாதாரண ஜனங்கள். ஆன்டிகுவா தீவில் பிறந்த லெஸ் ஐசக் என்ற போதகர் 2003 ஜனவரியில் லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் தொடங்கி வைத்தது. கத்தியும் துப்பாக்கியுமாகக் கிடந்த தெருக்களை மனதில் வைத்துத்தான் தொடங்கினார். எனக்கு அந்த வரலாற்றைவிட அவர்கள் தோளில் தொங்கும் பையின் மேல்தான் கண். தண்ணீர் பாட்டில், குளிருக்குப் பளபளக்கும் தகடுப் போர்வை, குச்சி மிட்டாய், அப்புறம் ரப்பர் செருப்பு.

செருப்பு, குடித்துவிட்டு ஹை ஹீல்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பாட்டில் உடைந்து கிடக்கிற தெருவில் வெறுங்காலோடு தள்ளாடிப் போகும் பெண்களுக்கு. ஏன் குடித்தாய் என்ற விசாரணை கிடையாது. தானாகக் கேட்டாலொழிய ஏசுவைப் பற்றியும் பேச்செடுக்க மாட்டார்கள். குச்சி மிட்டாய் சண்டைக்கு நிற்பவனுக்கு. வாயில் மிட்டாயை வைத்துக்கொண்டு ஒருவன் எவ்வளவு நேரம்தான் கெட்ட வார்த்தை பேசிவிட முடியும்?

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பது அங்கே போதையில் வருகிற விளையாட்டு. நம் பக்கத்துக் கிராமங்கள் சிலவற்றில் அது விளையாட்டாக இருந்ததில்லை. இன்ன தெரு வந்ததும் கழற்றிவிட வேண்டும் என்று காலுக்கே தெரிந்திருந்த மனிதர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

2003க்கு இன்னொரு விசேஷமும் உண்டு. அந்த வருஷக் கடைசியில்தான் டாஸ்மாக் சில்லறை விற்பனைக்கு வந்தது. அங்கே ஜனவரியில் செருப்பு கிளம்பியது, இங்கே நவம்பரில் சரக்கு. இரண்டும் இன்றுவரை சந்தித்துக்கொள்ளவில்லை.

தேனி நேரு சிலைப் பக்கம் ராத்திரி பத்துக்குமேல் நின்று பாருங்கள். கடை அடைத்தபின் மட்டையாகிக் கிடப்பவர் ஒருவராவது இருப்பார். ஒரு செருப்பு காலில், ஒன்று சாக்கடையில். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வண்டிகள் கம்பம், குமுளி என்று போய்க்கொண்டே இருக்கும்; சாமிமாருக்கு வழியெல்லாம் அன்னதானம். கிழக்கு வெளுக்கும் முன்னே ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள் தூக்குவாளியும் கையுமாக ஜீப்புக்கு நிற்பார்கள். கிடப்பவரைத் தாண்டித்தான் எல்லோரும் போகிறார்கள். கிறிஸ்தவர்கள் நாங்களும் சேர்த்துத்தான். கிறிஸ்மஸ் சமயத்தில் பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கும் வயதானவர்களுக்குப் போர்வை கொடுப்போம். அதை போட்டோ எடுப்போம். சில சபைக்காரர்கள் ரொட்டிப் பாக்கெட்டோடு துண்டுப் பிரசுரமும் கொடுப்பார்கள். பசித்தவன் முதலில் எதைப் பிரிப்பான் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே வருவதில்லை. ஆனால் குடிகாரனுக்குப் போர்வை கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

இப்படித் தாண்டிப் போவதற்கு வேர் எங்கே என்று யோசித்தால் எனக்கு எங்கள் சித்தப்பாதான் ஞாபகம் வருகிறார்.

பெரிய வியாழன் ராத்திரிப் பூசையில் பன்னிரண்டு பேரை உட்கார வைத்துச் சாமியார் பாதம் கழுவுவார். பன்னிரண்டு பேரும் திருத்தூதர்கள் கணக்கு. இராயப்பன்பட்டியில் பெண் எடுத்தவர் எங்கள் சித்தப்பா. அந்த ராசியோ என்னவோ, ஒரு வருஷம் அவருக்கு இராயப்பர் (பேதுரு) இடமே கிடைத்தது. வயல்காரர். குதிகால் பாளம் பாளமாக வெடித்திருக்கும்; சேற்றுப்புண் வேறு. உபதேசியார் வந்து சொல்லிவிட்டுப் போன நாளிலிருந்து வீட்டில் வேறு வேலை நடக்கவில்லை. காலையில் முல்லைப்பெரியாற்றில் இறங்கி செங்கல் துண்டால் குதிகாலைத் தேய்ப்பார். சாயங்காலம் சித்தி விளக்கெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் பூசுவாள். நகம் வெட்ட ஆள் வந்தது. “கல்யாணத்துக்குக்கூட இம்புட்டு அலங்காரம் இல்லய்யா” என்றாள் அப்பத்தா. வியாழக்கிழமை கோயிலுக்கு நடந்து வந்தால் புழுதி ஒட்டுமென்று சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தூக்கிப் பிடித்தபடியே வந்து இறங்கினார்.

சாமியார் மண்டியிட்டு ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி, துவாலையால் ஒற்றி, முத்தம் வைத்தார். கழுவுவதற்கு அந்தக் காலில் ஒன்றுமே இல்லை. பன்னிரண்டு ஜோடியும் அப்படித்தான் மின்னின.

சுவிசேஷத்தில் இராயப்பர் காலைக் காட்ட மறுக்கிறார். ஆண்டவர் போய் என் காலைத் தொடுவதா என்று கூச்சம். சித்தப்பாவின் கூச்சம் வேறு: சாமியார் அருவருத்துவிடக் கூடாதே என்பது. பெண்களின் பாதத்தையும் கழுவலாம் என்று போப் பிரான்சிஸ் 2016இல் விதியை மாற்றினார். அழுக்குக் காலோடுதான் வரவேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் சித்தப்பாவுக்குச் செங்கல் செலவு மிச்சமாகியிருக்கும்.

அழுக்கோடு வரச் சொன்ன ஒருவர் வில்லியம் பூத். அடகுக் கடையில் வேலை பழகியவர். எதை எடுத்துக்கொண்டு எந்த நாளில் யார் வருவார்கள் என்று தெரிந்தவர். கிழக்கு லண்டனில் 1865இல் குடிகாரர்களிடமிருந்து அவர் தொடங்கிய ஊழியம் பிற்பாடு இரட்சணிய சேனை ஆனது. சூப், சோப்பு, இரட்சிப்பு என்பது அந்தச் சேனையின் வாசகம். வரிசையைக் கவனியுங்கள். அவருடைய ஆள் ஃபிரெடரிக் டக்கர் ஐ.சி.எஸ். உத்தியோகத்தை உதறிவிட்டு 1882இல் பம்பாயில் வந்து இறங்கினார். காவி கட்டி, ஃபக்கீர் சிங் என்று பெயர் வைத்து, செருப்பில்லாமல் நடந்து, பிச்சை வாங்கிச் சாப்பிட்டார். வெள்ளைக்காரத் துரைமாருக்கு அதுவே பெரிய அவமானம்.

அதே சேனைதான் பின்னால் சர்க்காரோடு கைகோத்து, ஆந்திரப் பக்கம் ஸ்டூவர்ட்புரம் போன்ற இடங்களில் ‘குற்றப் பரம்பரை’ என்று முத்திரை குத்தப்பட்டவர்களின் குடியிருப்புகளை நடத்தியது. சூப் ஊற்றிய கையில் ஆஜர் பதிவேடு. நம் கம்பம் பள்ளத்தாக்குக்கு அந்த முத்திரையைக் குத்திய சட்டம் பழக்கமானது. பிறமலைக் கள்ளர் வீட்டு ஆம்பளைகள் ராத்திரியானால் ஸ்டேஷனிலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி துப்பாக்கிச் சூடு. சட்டம் ஒழிய 1947 ஆனது. இருட்டில் தெருவில் நிற்பவனைப் பார்த்ததும் ‘யார்றா அது’ என்ற கேள்வி முதலில் வருவதில் எனக்கு ஆச்சரியமில்லை. இந்த ஊரில் ராத்திரிக்குப் பொறுப்பாக வந்தவர்கள் அதை மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள்.

இப்போது சட்டமும் மாறியிருக்கிறது. மனநலம் குன்றித் தெருவில் திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்துக்கொள்வது காவல் நிலைய அதிகாரியின் கடமை என்கிறது 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம். பெங்களூரில் டி. ராஜா என்ற ஆட்டோக்காரர் யாரும் சொல்லாமலேயே அதைச் செய்தார். புழு வைத்த புண்ணோடு கிடப்பவர்களைத் தன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய்க் குளிப்பாட்டி வைத்துக்கொண்டார். 1997இல் நியூ ஆர்க் மிஷனைத் தொடங்கிய அவரை ஊரே ‘ஆட்டோ ராஜா’ என்றுதான் சொல்கிறது. ஆட்டோவுக்கு முன்னால் அவர் பார்த்தது ஜெயில்.

இந்தச் செருப்பு யோசனையை எங்கள் அன்பியக் கூட்டத்தில், அதாவது பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கர்கள் கூடும் ஜெபக் கூட்டத்தில், சொன்னேன். சனிக்கிழமை சந்தை முடிந்த ராத்திரி மட்டும், நாலு பேர், ஒரு பை, பத்து ஜோடி ஹவாய் செருப்பு. ஜெபமாலை முடிந்து சுக்குக் காப்பி வந்திருந்த நேரம்.

“யாருக்குண்ணே, குடிகாரப் பயலுகளுக்கா?”

“ஆமா.”

“அதையும் வித்துக் குடிச்சிருவான்.”

பொருளாளர் தம்பி கணக்கில் கெட்டி. பழைய ஹவாய் செருப்பை எவன் வாங்குவான், வாங்கினாலும் என்ன தருவான், ஒரு குவார்ட்டருக்கு எத்தனை ஜோடி சேர்க்க வேண்டும் என்று பேனாவை எடுத்தே விட்டார். பத்து ஜோடியையும் ஒரே ஆளுக்குக் கொடுத்தாலும் காணாது என்று முடிவானது. அதற்குள் ஒரு அக்கா, சைஸ் எட்டும் ஒன்பதும் வாங்கினால் போதுமா, பொம்பளைக காலுக்கு ஆறு வேண்டாமா என்று கேட்டார். ராத்திரியில் எந்தப் பொம்பளை கிடக்கிறாள் என்றார் இன்னொருவர். “நீரு ராத்திரி வெளிய வந்து பார்த்திருக்கீரா?” என்றார் அக்கா.