அப்பாவுக்குக் கேட்ட தவில்

தவில் என்றால் அப்பாவுக்கு உயிர். காது மந்தமான பிறகு, காரில் மல்லாரி போட்டாலும் ஜன்னலைப் பார்த்தபடியே வருவார். சத்தத்தைக் கூட்டினால் இரைச்சல்தான்.

வயதானால் காது முதலில் இழப்பது கீச்சொலியை. அடி ஒலி அதன்பிறகும் ஓரளவு கேட்கும். கம்பெனி ஸ்பீக்கரில் அந்த அடி ஒலிதான் பற்றாது.

சப்வூஃபர் வைத்தேன். பழைய ஸ்டீரியோவை மாற்றவில்லை. அதன் ஸ்பீக்கர் ஒயரிலிருந்தே ஆம்ப்ளிஃபயருக்கு இணைப்பு எடுத்தார் கடைத் தம்பி. கரன்ட் மட்டும் நேராக பேட்டரியிலிருந்து. பேட்டரியை ஒட்டியே ஒரு ஃபியூஸ். "இது இல்லாம ஒயர் உரசுனா தீப்பிடிச்சிரும்ண்ணே!"

மறுநாள் அப்பாவை ஏற்றிக்கொண்டு அதே மல்லாரியைப் போட்டேன். அவர் விரல்கள் தொடையில் தாளம் போட்டன.

"இன்னும் கூட்டட்டுமாப்பா?"

"வேண்டாம்டா. முதுகுலயே கேக்குது!"