ஒரு நட்சத்திரக் குறியைத் தேடி

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் மடிக்கணினியை ஈப்போவுக்குக் கொண்டுவந்தார். பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தவர். "பேப்பர் மெதுவா வந்தா பரவால்ல தம்பி, பேங்க் பக்கமும் சேர்ந்து படுத்துக்குது" என்றார்.

ஃபயர்ஃபாக்ஸில் பழைய பயனர் நிரல் ஒன்று இருந்தது. தமிழ்ச் செய்தித்தளங்கள் ஆளுக்கோர் எழுத்துரு வைத்திருந்த காலத்தில், அவற்றை யூனிகோடாக மாற்றிப் படிக்க யாரோ எழுதியது. எந்த முகவரியில் ஓட வேண்டும் என்று சொல்லும் வரியில் இருந்தது ஒரே ஒரு நட்சத்திரக் குறி. எங்கும் ஓடு என்று அர்த்தம். வங்கிப் பக்கத்திலும், விளம்பரச் சட்டங்களிலும்கூட நுழைந்து, வரி வரியாக எழுத்துருவைச் சோதித்துக்கொண்டிருந்தது அந்த நிரல். அந்த இடத்தில் செய்தித்தளத்தின் பெயரைப் போட்டதும் கணினி பழையபடி ஓடியது.

முகவரியில் நட்சத்திரம் போடும் இந்த வழக்கத்தைத் தொடங்கியது யார் என்று தேடினேன். 2004 இறுதியில் ஆரன் பூட்மன் தொடங்கிய, பயனர் நிரல்களை ஓட்டும் கிரீஸ்மங்கி என்ற ஃபயர்ஃபாக்ஸ் நீட்சிதான் முதல் தடம். அதில் முகவரியின் எந்த இடத்திலும் நட்சத்திரம் போடலாம். வரியையே விட்டுவிட்டால் எல்லாப் பக்கத்திலும் ஓடும். உள்ளே அந்தக் குறி ரெகுலர் எக்ஸ்பிரஷனாக, அதாவது எழுத்துகளின் அமைப்பைத் தேடும் சூத்திரமாக, மாறும். அந்த நட்சத்திரத்தின் வேர் இன்னும் பழையது. மூளை நரம்பு வலைகளைப் பற்றி மெக்கலக்கும் பிட்ஸும் 1943-இல் எழுதிய கட்டுரையை ஆராய்ந்த கணித அறிஞர் ஸ்டீபன் கிளீனி, 'எத்தனை முறை வேண்டுமானாலும்' என்பதைக் குறிக்க நட்சத்திரத்தை வைத்தார். அது 1956-இல் அச்சேறியது.

1968-இல் கென் தாம்சன், எல்லாச் சாத்தியங்களையும் ஒருசேரத் தொடர்ந்து, ஒவ்வோர் எழுத்தையும் ஒரே தடவை படித்துத் தேடும் முறையைக் காட்டினார். ஆனால் உலாவிகளின் ஜாவாஸ்கிரிப்ட் பெரும்பாலும் ஒரு வழியில் போய், முட்டி, திரும்பி வந்து அடுத்த வழியைப் பார்க்கும். முகவரி நீளமாகி நட்சத்திரங்களும் கூடினால் வேலை பெருக்கல் கணக்கில் ஏறும். 2019 ஜூலை 2-இல் கிளவுட்ஃபிளேர் என்ற இணையச் சேவை 27 நிமிடம் முடங்கியதற்கு இப்படித் திரும்பித் திரும்பித் தேடவைத்த ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன்தான் காரணம்.

பூட்மன் பின்பு கூகுளில் குரோம் நீட்சிகளை உருவாக்குவதில் பங்கெடுத்தார். அங்கே முகவரி மூன்றாகப் பிரிக்கப்பட்டது: நெறிமுறை, தளப்பெயர், பாதை. தளப்பெயரில் நட்சத்திரம் முன்னால் மட்டுமே வரலாம். ஆகவே பெயரின் வால் பொருந்துகிறதா என்று பார்த்தாலே போதும். பாதுகாப்பும் கூடியது: போலித்தளம் ஒன்று தன் முகவரியின் பாதையில் வங்கியின் பெயரை ஒட்டிவைத்து ஏமாற்ற முடியாது.

ஆனாலும் சாதாரண முகவரியை ஒப்பிட ஒரு நொடியின் மிகச் சிறு பங்கே ஆகும். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட நேரம் ஆகாது. கூப்பிடாமல் எல்லாரையும் ஒரே நிரைக்கு அனுப்பினால்தான் நாள் வீணாகும். ஆசிரியரின் கணினியில் நடந்ததும் அதுதான்.

உங்கள் உலாவியிலும் பழைய நிரல்கள் இருக்கலாம். திறந்து அந்த வரியைப் பாருங்கள். வெறும் நட்சத்திரம் இருந்தால், தளத்தின் பெயரை எழுதிவிடுங்கள்.